வெயிலில் காய்ந்த கேந்திப் பொடி

போன மாதம் ஒரு நாள் காலையில் நித்யா தொலைபேசியில் கூப்பிட்டார். நான் வேலை பார்த்த கோழித் தீவன ஆலையில் இப்போது தரம் பார்க்கும் பொறுப்பில் இருக்கிற பெண். மூட்டை அடுக்கி வைக்கும் பழைய கிட்டங்கியைப் பிரிக்கப் போகிறார்களாம்.

“அண்ணாச்சி, கிட்டங்கிக் கதவுல ஒரு பலகை தொங்குது. ‘கேந்திப் பொடியை வெயிலில் காட்டக் கூடாது’ன்னு செவப்புப் பெயிண்ட்ல எழுதியிருக்கு. உங்க கையெழுத்துன்னு சொல்றாக. இப்பத்தான் பொடியே வாரதில்லயே, தண்ணியா வந்து பம்புல தானாப் போயிருது. எடுத்துரட்டுமா?”

“எடுத்துருங்கம்மா,” என்றேன்.

“எதுக்கு எழுதுனீக? வெயில் படக் கூடாதுன்னு பையிலயே இங்கிலீஷ்ல போட்டிருக்குமே?”

எனக்குத் தொலைபேசியில் பேச வராது. நேரிலும் அவ்வளவாக வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப எழுதிக் குடுங்க அண்ணாச்சி, பண்ணைக்காரகளுக்கு நாம போடுற மாச இதழ்ல போட்டுருவோம்,” என்று அவரே முடித்துவிட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை எழுதி முடிக்க ஒரு மாதம் ஆகிவிட்டது.

எனக்கு ஐம்பத்தாறு வயது. மூச்சு வாங்குகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டேன். இருபது வருடத்துக்கு மேல் மாவுத் தூசிக்குள் நின்றவனுக்கு அது பெரிய வியாதி இல்லை. படி ஏறினால் நின்று நின்று ஏற வேண்டும், அவ்வளவுதான்.

சொந்த ஊர் எம். புதுப்பட்டிப் பக்கம். முதலில் பட்டாசுக் கம்பெனியில் இருந்தேன். என் வேலை காயப் போடுவது. திரி, குழாய், பசை ஒட்டின அட்டை எல்லாவற்றையும் மேடையில் பரப்பி, வெயில் நகர நகரத் திருப்பிப் போட வேண்டும். மேகம் கூடினால் அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அந்த வேலையில் ஏழு வருடம். ஈரமாக எது கையில் பட்டாலும் கால் தானாக வெயிலைத் தேடும். எனக்கு மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். அதன் பிறகு சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் தாள் அடுக்கினேன். முதல் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வரும் தாளில் மஞ்சள் குறைகிறதா, சிவப்பு ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கேதான் கண் பழகியது. அச்சகம் மூடிய பிறகு விருதுநகர் ரோட்டில் உள்ள தீவன ஆலைக்கு வந்தேன்.

கோழிக்கு மஞ்சள் தானாக வருவதில்லை. இதைப் பலரும் நம்ப மாட்டார்கள். முட்டையின் கருவில், காலில், அலகில், தோலுக்கு அடியில் இருக்கிற மஞ்சள் எல்லாம் அது தின்ற தீனியிலிருந்து போவதுதான். மக்காச்சோளம் தின்றால் மஞ்சள் இருக்கும். மக்காச்சோளம் கிடைக்காதபோது ஆலையில் கம்பும் அரிசிக் குருணையும் சேர்ப்பார்கள். கோழி நன்றாகவே வளரும், எடையும் வைக்கும். ஆனால் கரு வெளுத்துவிடும், கால் வெளுத்துவிடும். நான் சேர்ந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் உடைத்த முட்டையைத் தட்டோடு கொண்டுவந்து மேனேஜர் மேசையில் வைத்தார். “ஆம்லேட் போட்டா ஆப்பம் மாதிரி இருக்குய்யா,” என்றார். அதற்குப் பிறகுதான் கேந்திப் பொடி வாங்க ஆரம்பித்தார்கள்.

கேந்திப் பூவைச் சில ஊரில் செண்டுமல்லி என்பார்கள். மாலை கட்டுகிற அதே பூதான். அதைக் காய வைத்து, சாறு எடுத்துப் பொடியாக்கி, உள்ளே பளபளவென்று தாள் ஒட்டிய பையில் அனுப்புவார்கள். பழுத்த பனம்பழத்தின் சதை நிறம். மூக்கில் ஏறும் ஒரு பச்சை வாசம். கருவுக்குச் சிவப்புத் தூக்கலாக வேண்டும் என்று கேட்கிற பண்ணைக்கு மிளகாய்ச் சாற்றுப் பொடியும் கொஞ்சம் சேர்ப்போம். அந்தப் பையைப் பிரித்தால் எங்களுக்குத் தும்மல் நிற்காது. கோழி ஒன்றும் அறியாமல் தின்னும், அதற்குக் காரம் தெரியாது. எங்கள் டீக்கடையில் நான் நுழைந்தாலே, “ஏலே, கோழிக்குப் பூ வச்சு விடுறவன் வாரான், தள்ளி உக்காருங்கலே!” என்பார்கள். நான் சிரித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

பொடியைக் கலப்பது என் வேலை. மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன வேலை. டன் கணக்கில் இருக்கும் தீவனத்தில் ஒரு படிக்கும் குறைவான பொடி. அப்படியே கொட்டினால் ஒரு இடத்தில் கட்டியாக நிற்கும், ஒரு கோழி பூசணிக்காய் நிறத்துக்கு வரும், அடுத்த கோழி வெளுத்து நிற்கும். அதனால் பொடியை முதலில் அதே அளவு சோள மாவோடு கையால் பிசறுவேன். பிறகு அதைப் போல் இரண்டு மடங்கு மாவு. பிறகு நான்கு மடங்கு. மாவில் எங்கே கை விட்டாலும் ஒரே நிறம் என்று தெரிந்த பிறகுதான் மிக்சருக்குள் தூவ வேண்டும். ஒவ்வொரு கலவையிலும் ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டு, தேதி எழுதி, இருட்டு அலமாரியில் வைப்பேன். மூன்று மாதத்துக்கு அதைத் தொடக் கூடாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் டாக்டர்.

கால்நடை டாக்டர், நாமக்கல் பக்கத்துக்காரர். யாரையும் நீ என்று சொல்ல மாட்டார், கூட்டுகிற அம்மாளையும் ‘வாங்க’ என்பார். கத்த மாட்டார். கேள்வி கேட்டுவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் பதில் சொல்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். தீவனத்தை ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்று, துப்பாமல் விழுங்குவார். கொடுத்த டீயில் பாதிக்கு மேல் ஒருநாளும் குடித்து நான் பார்த்ததில்லை. அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: “கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க. நினைச்சதைச் சொல்ல வேண்டாமுங்க.”

நிறம் பார்க்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தீவனத்தைப் போட்டு, நகப்பூச்சு அழிக்கிற மருந்தின் வாசம் அடிக்கும் ஒரு திரவத்தை ஊற்றிக் குலுக்கி நிறுத்துவார். தீவனம் அடியில் படியும், மேலே திரவத்தில் மஞ்சள் ஏறும். பழைய நல்ல தீவனத்தின் குழாயையும் புதுக் குழாயையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து ஒப்பிட வேண்டும். அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும் ஒப்பிடும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். “எனக்கு இப்ப எல்லாமே மஞ்சளாத் தெரியுதுங்க. நீங்கதான் என் கண்ணு,” என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்பு, ஆவணிக் கடைசியில் விடாமல் மூன்று நாள் மழை. கிட்டங்கித் தகரத்தில் ஒழுகி, பிரித்து வைத்திருந்த இரண்டு கேந்திப் பைக்குள் ஈரம் இறங்கிவிட்டது. கையை விட்டால் பொடி கட்டி கட்டியாக வந்தது. நான்காம் நாள் நல்ல வெயில். நான் யாரையும் கேட்கவில்லை. தார்ப்பாயை விரித்து, பொடியை மெலிதாகப் பரப்பி, இரண்டு நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிக் காய வைத்தேன். பட்டாசு மேடையில் எப்படிச் செய்தேனோ அப்படியே. பொடி பொலபொலவென்று உதிர்ந்தது. நிறம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஈர மண் காய்ந்தால் வெளுக்காதா, அது போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். வாசமும் இல்லை. புழுக்க வாசம் போனது நல்லதுதான் என்று நினைத்தேன். நாமாகப் பார்த்துப் பொருளை வீணாக்காமல் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குள் ஒரு திருப்தி. அன்றைக்கெல்லாம் குழாயில் போட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. பையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் காட்டியிருக்கலாம்.

அந்தப் பொடியைக் கலர் கோழித் தீவனத்தில் சேர்த்தேன். கலர் கோழி என்பது பார்க்க நாட்டுக்கோழி போலவே இருக்கும், பண்ணையில் வளர்வது. அப்போது எங்களிடம் அந்தத் தீவனம் வாங்கியது இரண்டே பண்ணை. ஒருவர் கோழியைத் தோட்டத்தில் மேய விடுவார், பச்சைத் தழை தின்று அவர் கோழிக்கு மஞ்சள் குறையவில்லை. இன்னொன்று நாரணாபுரம் பக்கத்தில் குருவம்மாள் என்ற பெண்ணுடையது. அடைத்து வளர்க்கிற கொட்டகை. நாங்கள் கொடுத்ததைத் தவிர அவள் கோழிகளுக்கு வேறு தீனி கிடையாது.

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது அவளிடமிருந்து தகவல் வந்தது. கோழிகளுக்குக் கால் வெளுத்துவிட்டது, டாக்டரைக் கையோடு வரச் சொல்லுங்கள் என்று. டாக்டர் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி முழுக்கப் பல வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். அந்த மாதம் வளர்கிற கோழியெல்லாம் தீபாவளி ஒரு நாளை நம்பி வளர்கிற கோழி. உயிரோடு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது காலைத்தான். கால் மஞ்சளாக இருந்தால் நல்ல கோழி. வெளுத்திருந்தால் சீக்கு என்று வைத்துவிடுவார்கள். ரத்தக் கழிச்சல் கண்ட கோழிக்கும் கால் வெளுக்கும் என்பதால் அவர்கள் சொல்வதும் முழுப் பொய் இல்லை.

குருவம்மாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவளும் பட்டாசுக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். அவளுடைய அக்காவுக்குக் கையில் தீப்பட்டதிலிருந்து வெடிமருந்து அறைக்குள் கால் வைக்கவே நடுக்கம் என்று சொன்னாள். இருந்த நகையைக் கொடுத்துவிட்டுக் கொட்டகை போட்டிருந்தாள்.

“இந்தத் தடவ மட்டும் தப்பிச்சுட்டா இனிமே பட்டாசுக்கே போக வேண்டாம்னு இருக்கேன் சார். நல்லாத்தான் திங்குது, நல்லாத்தான் ஓடுது. காலு மட்டும் ஏன் இப்பிடி ஆச்சுன்னு தெரியல.”

டாக்டர் ஒரு கோழியைப் பிடித்துப் பார்த்தார். எச்சத்தைக் கிளறிப் பார்த்தார். “சீக்கு மாதிரி இல்லீங்களே,” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கண்ணை இடுக்கிக் காலைப் பார்த்துவிட்டு, “கால் மஞ்சளாத்தான தெரியுது?” என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வியாபாரி காளிராஜ் வண்டியோடு வந்து இறங்கினார். கொட்டகைக் கோழி முழுவதையும் எடுத்துக்கொள்வதாக முன்பே பேச்சு. நேராக உள்ளே வந்து ஒரு சேவலைத் தலைகீழாகத் தூக்கி, கட்டைவிரலால் காலை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்து எங்கள் எல்லாருக்கும் காட்டினார். கை மஞ்சளாக இருந்தது. அவர் தேய்த்த இடத்தில் கால் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

“என்னத்தா, கோழிக்குச் சடங்கு சுத்துனியா?”

கூட வந்த ஆட்கள் சிரித்தார்கள். அவள் விடியற்காலையிலிருந்து ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் காலில் மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறாள். அவளுடைய விரல் நகமெல்லாம் மஞ்சள். அதை நான் வந்ததுமே பார்த்திருந்தேன்.

“சீக்கு இல்லண்ணே, சத்தியமாச் சொல்றேன். காலு மட்டும் வெளுத்துருச்சு. வெளுத்ததப் பாத்தா வேண்டாம்னு போயிருவீகளேன்னுதான்…”

“வெளுத்த கால வாங்குனாலும் வாங்குவேன். பூசுன கால வாங்கவே மாட்டேன். இன்னைக்குக் கால்ல பூசுனவ நாளைக்கு எதுல பூசுவியோ?”

“அண்ணே, இவுக டாக்டரு. இவுககிட்டயே கேளுங்க. தீவனத்துல ஏதும் கொறையான்னு கேளுங்க.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவளிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றேன். அந்த வெளுத்த காலைப் பார்த்ததும் தார்ப்பாயில் பரப்பிய பொடி எனக்கு நினைவு வந்துவிட்டது. இரண்டு நாள் வெயில், போய்விட்ட வாசம், இறங்கிய நிறம், எல்லாம் அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வாய் திறந்தால் போதும். நான் தீவனத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காளிராஜ் கையைத் தண்ணீர் வாளியில் கழுவிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் ‘சீக்குக் கோழிக்கு மஞ்சள் பூசி விற்கப் பார்த்தாள்’ என்று ஊர் முழுக்கப் பேச்சு.

மறுநாள் காலையில் டாக்டர் இரண்டு குழாய் வைத்தார். ஒன்று அலமாரியில் இருந்த பழைய நல்ல தீவனம். மற்றது குருவம்மாள் கொட்டகையிலிருந்து அள்ளி வந்தது. முதல் குழாயில் பனம்பழ நிறம். இரண்டாவதில் வடித்த கஞ்சி.

“ரெண்டும் ஒண்ணா, வேறயா? கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க.”

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதலாம், அது உண்மைதான். ஆனால் அதைவிட, என்னைக் கண் என்று சொன்ன மனிதர் முன்னால் அந்தப் பேரை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

“ஒண்ணுதான் சார்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். தீவனத்தில் குறை இல்லை, வளர்ப்பில் ஏதோ கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழாய்களைக் கழுவி வைத்தது நான். அன்று மாலையே கண் ஆபரேஷனுக்காக அவர் மதுரைக்குப் போய்விட்டார்.

தீபாவளியன்று எங்கள் தெருக் கறிக்கடையில் பெரிய வரிசை. எங்கள் வீட்டிலும் கோழிதான். வாட்டி மஞ்சள் தடவி வெட்டிக் கொடுத்தார்கள். என்னால் தின்ன முடியவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். குருவம்மாள் கோழிகளை உள்ளூரில் யாரும் தொடவில்லை. தீபாவளி கழிந்து சாத்தூர்ப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் வந்து, கொடுத்ததை வாங்கிக்கொள் என்று மொத்தமாக அள்ளிப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

டாக்டர் ஒரு மாதம் கழித்து வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்கு முதல் நாள் நான் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதை நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அலமாரியில் அந்தக் கலவையின் ஒரு பிடி தேதியோடு இருந்தது. புதுக் கண்ணோடு வருகிறவர் அதை எடுத்துப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும். அவர் பார்ப்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்ற பயம்தான்.

அவர் கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அசையவில்லை.

“அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல சார்.”

“அவங்களுக்குத்தானுங்க முதல்ல சொல்லியிருக்கணும்.”

மேனேஜரிடம் அவரே போய்ப் பேசினார். தன் கையெழுத்து தவறு என்று எழுதிக் கொடுத்தார். புதுக் குஞ்சும் அது வளர்கிற வரைக்கும் தீவனமும் குருவம்மாளுக்குக் கம்பெனியே தருவது என்று ஏற்பாடானது. என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. கிட்டங்கிக் கதவுக்கு ஒரு பலகை எழுதித் தொங்கவிடச் சொன்னார் டாக்டர், எழுதினேன். அன்றிலிருந்து குழாய் ஒப்பிடும்போது இன்னொரு ஆளையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அவர் ஓய்வு பெற்றுப் போகிற வரைக்கும் அப்படித்தான் நடந்தது. என்னிடம் கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை. ‘வாங்க’ என்பதும் மாறவில்லை.

குஞ்சு தருகிற செய்தியை நானேதான் குருவம்மாளிடம் சொல்ல வேண்டும் என்றார். இரண்டு தடவை பஸ் ஏறிப் போய், இறங்கிய இடத்திலேயே திரும்பும் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். மூன்றாம் தடவை போனபோது கொட்டகை இருந்த இடத்தில் கம்புகள் மட்டும் நின்றன. பட்டாசுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கும் முக்கில் காத்திருந்தேன். அடுத்த ஊர் ஆட்களும் அதில் போவார்கள். அவள் இறங்கி, தூக்குச்சட்டியை எடுக்க மறந்து மறுபடி வேனை நோக்கித் திரும்பியபோது என்னைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது.

“தீவனக் கம்பெனி அண்ணாச்சியா? என்ன இங்கன நிக்கீக?”

சொன்னேன். மழை, ஈரம், வெயில், தார்ப்பாய். எவ்வளவு வேகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு வேகமாகச் சொன்னேன். அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். சிரித்தாள்.

“அம்புட்டுத்தானா? நனஞ்சத வெயில்ல போடாம வேற எங்கன போடுவாக? நானா இருந்தாலும் அதத்தான செஞ்சிருப்பேன்.”

எனக்கு மூச்சு வந்தது. குஞ்சும் தீவனமும் தருவதைச் சொன்னேன்.

“கொட்டகைத் தகரத்தையெல்லாம் அக்கா வீட்டுக்குக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. குஞ்ச எங்கன விடச் சொல்றீக, என் மடியிலயா? அதுவும் போக, நான் வளத்தா இங்க எவன் வாங்குவான்?”

வேனுக்குள்ளிருந்து ஒருத்தி தூக்குச்சட்டியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தவள் நின்று திரும்பினாள்.

“காயப் போட்டதுக்கு ஒண்ணுமில்ல. அது யாரும் செய்யிறதுதான். வியாபாரி கையில மஞ்ச ஒட்டி எல்லாரும் சிரிச்சாகளே, அப்ப நீங்க என் பக்கத்துலதான நின்னீக?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

நித்யாம்மா, பலகையை எடுத்துவிடுங்கள். பொடி இல்லாத இடத்தில் அது எதற்கு. பொடியை வெயிலில் போட்டதைப் பற்றித்தான் அதில் எழுதினேன். பக்கத்தில் நின்றதைப் பற்றி எழுதவில்லை. அது இவ்வளவு நாள் பாக்கி இருந்தது.